வாய் வைக்காமல் போகக் கூடாது

மலைக் கிராமத்தில் வாசல் வாசலாக ஏறி இறங்கிக் களைத்துப் போய் வீடு திரும்பிய புருல்சாவின் கையில், சர்க்கரை பார்க்கும் சென்சாரை ஒட்டப் போனான் கணவன் சாதிபால்தி.

“கையில வேணாங்க, ஊரே பாக்கும். வயித்துல ஒட்டுங்க.”

“பாக்கட்டுமே! அப்பவாவது வழக்கம்னு சொல்லி வாசலுக்கு வாசல் ரொட்டியும் ஜாமும் நீட்ட மாட்டாங்க.”

“வந்தவ ஒரு வாய் வைக்காமப் போனா அவங்களுக்கு அவமானமில்லையா?”

“நாளைக்கு உனக்குக் கால் போச்சுன்னா, மலையேத்தி நானா தூக்கிட்டுப் போவேன்?”

புருல்சா பெருமூச்சு விட்டாள். “‘இனிப்பைத் தொடாதீங்க’ன்னு வீடு வீடாச் சொல்லிட்டு வர்ற நர்சுங்க நான். எனக்கே சர்க்கரைன்னா எவன் கேப்பான்?”

“இப்ப மட்டும் கேக்குறானாக்கும்! சொல்லிட்டு அங்கேயே ஜாம் தின்னுட்டு வர்ற.”

சிரிக்கக்கூடத் தெம்பில்லாமல் சட்டைக் கையை மடித்து நீட்டினாள். “கையிலயே ஒட்டுங்க. பேசிப் பேசி ஓஞ்சுட்டேன். இனிமே இது பேசட்டும்.”