முதல் வாடகை

பெங்களூரில் பிளேக் பரவிய வருஷம். ஆள் செத்த வீட்டில் வெயில் விழவேண்டுமென்று சர்க்கார் ஆட்கள் கூரை ஓட்டைப் பிரித்துப் போட்டார்கள். அல்சூருக்கு அப்பால் அப்போதுதான் தியோடர் தன் முதல் வாடகை வீட்டைக் கட்டி முடித்தான்.

“நம்ம தெருவுல எலி செத்து விழுதுங்க. நாமளே அங்க போயிடலாம்,” என்றாள் மனைவி அல்போன்சா.

“ஊரே வீடு தேடி அலையுது. இப்பதான் நல்ல வாடகை வரும். ஒரு மாசம் பொறு, உனக்குப் பட்டுச்சேலை!”

மாதம் முடிந்தது. வாசலில் தியோடரைக் கண்டதும், குடியிருந்த சீனிவாசராகவன் சாவியை நீட்டினார்.

“உங்க தெருவிலயும் பிளேக்காமே! நாங்க மச்சினன் ஆத்துக்குப் போறோம். நீங்க ரெண்டே பேர்தானே? சம்சாரத்தை இன்னிக்கே அழைச்சுண்டு வாங்கோ.”

தியோடர் சாவியை வாங்கவில்லை.

“நீங்களே இருங்க சார். காலையில எங்க வீட்டு ஓட்டைப் பிரிச்சிட்டாங்க.”