வரிசையை நிரப்பியவர்

முதலில், நிர்வாகத்தார் சாப்பாட்டு அறையில் இருந்த பெஞ்சை எடுத்தார்கள். இரண்டாவதாக, பெஞ்சு எங்கே என்று கேட்டு நான் ஒட்டிய நோட்டீசைக் கிழித்தார்கள். மூன்றாவதாக, நோட்டீஸ் ஒட்டும் பலகையையே கழற்றினார்கள். நான்காவதாக, கணினியில் எங்கள் தொழிற்சங்கத்துக்கென்று ஒரு கோப்புறையைக் கொடுத்து, "இனிமே இதுலயே ஒட்டிக்குங்க" என்றார்கள்.

ஐந்தாவதாக, எங்கள் மாடியில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் வேலையில் கை வைத்தார்கள்.

அநீதியைச் சொல்லும்போது வரிசை மாறக்கூடாது. மாறினால் அது புலம்பல் ஆகிவிடும்.

எங்கள் கம்பெனி கணினிகளுக்கு இயங்குதளம் தயாரிக்கிறது. நான் அதன் கையேடுகளுக்குப் பிழை திருத்துகிறவன். சங்கச் செயலாளரும் நான்தான். அவள் பொறியாளர். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

அவள் எழுதிய பகுதி இதுதான். எந்தக் கோப்பில் யார் கை வைத்தாலும், கணினியின் அடிமடியில் இருக்கும் கெர்னல் என்ற மையப் பகுதி ஒரு தகவல் சீட்டை வரிசையில் போடும். நகல் எடுக்கும் புரோகிராம் அந்தச் சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, மாறிய கோப்புக்கு நகல் எடுத்துக்கொள்ளும். வரிசைக்கு ஓர் அளவு உண்டு. நிரம்பிவிட்டால், அப்புறம் வருகிற சீட்டுக்கு இடமில்லை.

போன வாரம் நிரம்பிவிட்டது. நேரம் பார்த்து அன்றைக்கே, கோப்புகளைச் சேமிக்கும் வட்டும் பழுதானது. மாடியில் எல்லோரும் செய்த வேலை போயிற்று, நகலும் இல்லை.

மேலாளர் விளக்கம் கேட்டார். அவள், "என் தப்புதான்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டாள். நிரந்தர ஆணை ஒரு வருடம் தள்ளிப்போனது.

"ஏம்மா, தப்புன்னு எதுக்கு எழுதிக் கொடுத்தே?" என்றேன்.

"வரிசை என்னோடது சார். இன்னும் பெரிசா வச்சிருக்கலாம்."

"அது தானா நிரம்புமா? எவனோ அடைச்சிருக்கான்."

"ஒரு வருஷம்தானே. போயிட்டுப் போகுது, விடுங்க."

"ஒரு வருஷம்தானேன்னு விட்டுத்தாம்மா அடிமைத்தனமே வந்துச்சு."

இது ஏதோ ஒரு பிரசுரத்தில் படித்தது. நான் உலகத்தைக் கற்றதே துண்டுப் பிரசுரங்களில்தான். கணினியையும் அப்படித்தான் கற்றேன். ஒரே குறை, எதையும் கடைசிப் பக்கம்வரை படித்ததில்லை. அதற்குள் கோபம் வந்துவிடும்.

நேராக மேலாளர் அறைக்குப் போனேன்.

"முழக்கம் சார், அந்தப் பொண்ணே ஒத்துக்கிச்சு," என்றார். அங்கே எல்லோருக்கும் நான் முழக்கம்தான். "நீங்க ஏன் தோண்டுறீங்க?"

"தோண்டினா என்ன வெளிய வருமோன்னு பயமா?"

"ஆமா."

அந்த ஒரு 'ஆமா' எனக்குப் போதுமானதாக இருந்தது.

"வரிசையை நிரப்பினது யாருன்னு உங்களுக்குத் தெரியும். பேரை எல்லார் முன்னாடியும் படிக்கணும். சாட்சி வேணும்."

"அனுமதி இல்லாம புரோகிராம் ஓட்டினா வேலைநீக்கம் சார். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக்கூடாது."

"போகட்டுமே. அவனுக்காகச் சங்கம் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாது. வேணும்னா எழுதித் தரேன்."

எழுதியும் கொடுத்தேன்.

சாப்பாட்டு அறையில் கூடினோம். பெஞ்சு இல்லாததால் எல்லோரும் நின்றார்கள். மேலாளர் ஒரு தாளை எடுத்து முணுமுணுத்தார்.

"பின்னாடி கேக்கல. சத்தமாப் படிங்க," என்றேன்.

படித்தார். "சங்கத்தின் கோப்புறையில் ஒரு காவல் புரோகிராம் வைக்கப்பட்டிருந்தது. அங்கே எது மாறினாலும் அது ஒரு பதிவேட்டில் எழுதியது. அந்தப் பதிவேடும் அதே கோப்புறையில் இருந்தது. ஆகவே, எழுதியதே ஒரு மாற்றம். அந்த மாற்றத்தையும் எழுதியது. அப்படி எழுதியதையும் எழுதியது..."

"தன் வாலைத் தானே துரத்துற நாய் மாதிரி," என்றார் கம்பெனி டிரைவர்.

அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். பாதியில் நின்றுவிட்டது.

அந்தக் காவலை வைத்தது நான்தான். மேலாளர் என் நோட்டீசைத் தொட்டால் கையும் களவுமாகப் பிடிக்க வைத்தேன். பதிவேட்டை நம் கோப்புறைக்குள்ளேயே வைத்தால் எவனும் களவாட முடியாது என்பது என் ராஜதந்திரம். எதிரி ஒருவனும் வரவில்லை. என் காவல், தன்மேல் தானே புகார் எழுதி எழுதி, அவளுடைய வரிசையை அடைத்துவிட்டது.

அவள் சுவரோரமாக நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தனக்குப் போவது ஒரு வருடம், ஓய்வுபெறும் தறுவாயில் எனக்குப் போவது எல்லாம் என்று கணக்குப் போட்டிருக்கிறாள். மேலாளரும் அதற்குத் தலையாட்டியிருக்கிறார். என் ஐந்து அநீதிகளின் நாயகர்.

"இதோட போதுமா சார்?" என்றார் என்னைப் பார்த்து. அந்த மனிதர் கெஞ்சி நான் கேட்டதே இல்லை.

"பேரு? பேரைப் படிங்க," என்று டிரைவர் குரல் கொடுத்தார். சங்கத்தில் நான் வளர்த்த ஆள், விடுவாரா?

மேலாளர் பெயரை வேகமாகப் படித்துவிட்டுத் தாளை மடித்தார்.

"யாருய்யா அது? அப்படி ஒரு ஆளே இங்க இல்லையே," என்றது பின்வரிசை.

எனக்கு அப்படியொரு பெயர் இருப்பது அங்கே இரண்டு பேருக்குத்தான் தெரியும். இருவரும் வாயைத் திறக்கவில்லை. நானும் மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். அவளும் இன்னொரு வருடம் நின்றிருப்பாள்.

"தலைப்பெழுத்தை விட்டுட்டீங்க," என்றேன். "எங்கப்பா பேரோட முதல் எழுத்து. சேர்த்துப் படிங்க."

மேலாளர் தாளைப் பிரித்து, சேர்த்துப் படித்தார்.