கண்ணாடி என்று சொன்ன பெட்டி

படகு தாழ்ந்து மிதந்தது.

சுக்கான் துடுப்பைப் பிடித்தபடி அவன் விளிம்புக்கு வெளியே எட்டிப் பார்த்தான். தண்ணீர் நான்காவது பலகையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

காலையில் கரையிலிருந்து படகைத் தள்ளும்போதே, கப்பலில் வரும் பெட்டிக்குள் நிலைக்கண்ணாடி இருக்கிறது, பார்த்துக் கொண்டுவா என்று சொல்லியிருந்தான் துபாஷி.

போன மாதமும் இதே படகில் அவன் ஒரு கண்ணாடிப் பெட்டி கொண்டுவந்தான். அன்று தண்ணீர் இரண்டாவது பலகையைத் தாண்டவில்லை.

பெட்டியின்மேல் சின்னத் துரை காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

கண்ணாடிமேல் எவனாவது உட்காருவானா?

துரை அவனைப் பார்த்துச் சிரித்தான். வந்த நாளிலிருந்து சிரித்துக்கொண்டேதான் இருக்கிறான்.

முதலில் துரைமார் துணி காயப்போட மணல் கேட்டார்கள். பிறகு துணியை வைக்க ஒரு கொட்டகை. பிறகு கொட்டகைக்கு மதில். இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவான் என்பார்கள். இவர்களுக்கு மடம் வேண்டாம், மீன்காரக் குப்பம் போதும். நாற்பது குடிசையையும் காலி செய்யச் சொல்லிப் போன வாரம் ஆள் வந்தது. ஊர் முடியாது என்றது.

மறுநாளே மதிலில் ஓட்டை போட்டார்கள். கடலைப் பார்த்து ஒன்று. குப்பத்தைப் பார்த்து மூன்று.

துணிக்குக் காற்று வேண்டுமாம்.

துரைமாரின் நாடு ஒரு தீவு, நம் ராஜாவின் நாட்டில் ஒரு மூலைக்குக் காணாது என்று துபாஷி ஒருமுறை சொல்லியிருந்தான். அத்தனை சின்ன நாடு ஊர் ஊராய் எப்படிப் பிடிக்கிறது என்று அவனுக்கு அன்றைக்கே சந்தேகம். ஏழு கடல் தாண்டி வருகிறவர்களுக்குக் கரையோரத்து மூன்று அலையைத் தாண்டத் தெரியாது. கப்பல் தூரத்திலேயே நின்றுவிடும். ஆளானாலும் பெட்டியானாலும் குப்பத்துப் படகில்தான் வர வேண்டும். படகிலிருந்து மணலுக்குக் குப்பத்து ஆட்களின் தோளில்.

அவன் மனசு வைக்காமல் இந்தப் பெட்டி கரையேறாது.

முதல் அலை படகைத் தூக்கி இறக்கியது.

துடுப்புப் போடுகிறவர்கள் எட்டுப் பேர். துடுப்புப் பாட்டு நிற்கவில்லை. முன்வரிசையில் அவன் தம்பி எல்லப்பன். எல்லோருக்கும் நீச்சல் தெரியும். ஆனாலும் நடுஅலையில் கவிழ்ந்தால் பலகை மண்டையில் அடிக்கும். பெட்டி யார்மேலாவது சரியும்.

அவனுக்குப் பயமாக இருந்தது.

இரண்டாவது அலை. அதையும் விட்டுவிட்டான்.

மணல் திட்டு வரட்டும். அங்கே இரண்டு ஆள் ஆழம்தான். யாரும் சாக மாட்டார்கள்.

இந்தக் கையில் இதுவரை ஒரு படகும் கவிழ்ந்ததில்லை.

மூன்றாவது அலை முதுகுக்குப் பின்னால் எழுந்தபோது துடுப்பை வெளிப்பக்கமாகத் தள்ளினான். படகு குறுக்கே திரும்பியது.

அவ்வளவுதான்.

கரையில் ஏறி நின்று தலைகளைப் பார்த்தான். எட்டுப் பேரும் இருந்தார்கள். சின்னத் துரையை எல்லப்பன்தான் தோளில் தூக்கி வந்து மணலில் போட்டான்.

பெட்டி இல்லை.

அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. முகத்தை எழவு வீட்டுக்கு வந்தவன்போல வைத்துக்கொண்டு, விழப்போகும் சவுக்கடிக்காக நின்றான்.

துரை உப்புத் தண்ணீரைத் துப்பினான். தொப்பியைப் பிழிந்தான். கடலை ஒருமுறை பார்த்துவிட்டுத் துபாஷியிடம் ஏதோ சொன்னான்.

கோபமே இல்லை.

துபாஷி ஊரைக் கூப்பிட்டான்.

"பெட்டிய மேல எடுத்துக் குடுத்துடுங்க. இனிமே குப்பத்துமேல கை வெக்க மாட்டேன்னு தொரை சத்தியம் பண்றாரு."

குப்பம் கூத்தாடியது. கிழவர்கள்கூடக் கும்பிட்டார்கள்.

"கண்ணாடின்னு சொன்னீங்களே சாமி," என்றான் அவன். "இந்நேரம் தூளாயிருக்குமே. தூள வெச்சிக்கினு தொரை இன்னா பண்ணப் போறாரு?"

துபாஷி அதை மட்டும் துரைக்குச் சொல்லவில்லை.

எல்லப்பன் கயிற்றுச் சுருளோடு கட்டுமரத்தை நோக்கி ஓடினான். அவன் பின்னாலேயே ஓடித் தம்பியின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தான்.

"டேய், உள்ள இருக்கறது பீரங்கிடா. நம்மளச் சுடறதுக்கு."

"இருந்துட்டுப் போவட்டும்ணே. சுட மாட்டேன்னுதான் சத்தியம் பண்ணிட்டாரே."

எல்லப்பன் கையை உதறிக்கொண்டு போனான். கட்டுமரம் திட்டை அடைந்ததும் கயிற்றோடு குதித்தான்.

இரண்டு ஆள் ஆழம் எல்லப்பனுக்கு ஒரு மூச்சு. நடுஅலையில் கவிழ்த்திருந்தால் எந்த மூச்சுக்கும் எட்டியிருக்காது. அங்கே கவிழ்த்திருந்தால் எல்லப்பனே இருந்திருப்பானோ என்னவோ.

தலை மேலே வந்தது. கட்டியாகிவிட்டது என்று கையை ஆட்டினான்.

கயிற்றின் மறுமுனை கரைக்கு வந்தது. ஊர் பிடித்துக்கொண்டது. எல்லப்பனின் அண்ணி செங்கேணி இடுப்புப் பிள்ளையை மணலில் இறக்கிவிட்டு ஓடிவந்து பிடித்தாள். துபாஷிகூட மேல்துண்டை இடுப்பில் சுற்றிக்கொண்டு பிடித்தான்.

இழுத்தார்கள்.

கயிறு விறைத்தது. பெட்டி அசையவில்லை.

இன்னும் ஓர் ஆள், இன்னும் ஓர் ஆள் என்று கத்தினார்கள்.

செங்கேணி தனக்கு முன்னால் கொஞ்சம் இடம் விட்டாள். மூச்சு வாங்கத் திரும்பி அவனைக் கூப்பிட்டாள்.

"வாய்யா. நம்ம ஊட்டுக்காவத்தான இழுக்கறோம்."

கரையில் சும்மா நின்றவர்கள் இரண்டே பேர். ஒருவன் துரை.

துரை கடலைப் பார்க்கவில்லை. அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.