ஸ்டியரிங் பிடித்த யுவராஜ்

கார்கள் தாமாகவே ஓடத் தொடங்கியதிலிருந்து யுவராஜுக்கு ஒரு குறை. முன்பெல்லாம் அவர் ஸ்டியரிங்கைத் தொட்டால் கோயம்புத்தூரிலிருந்து கொடைக்கானல் வரை மூச்சுவிடாமல் திட்டிக்கொண்டு வரும் மனைவி சுகன்யா, இப்போது சிலை மாதிரி பேசாமல் வருகிறாள்.

ஓய்வுபெற்ற கையோடு துருப்பிடித்த பழைய திறந்த கார் ஒன்றை வாங்கினார். பானெட்டைக் கழற்றி எறிந்துவிட்டு லாரி என்ஜினைத் திணித்தார். கிளப்பியதும் மருதமலை மயில்களெல்லாம் இடியென்று நினைத்துத் தோகை விரித்தன.

"ஏறு அம்மிணி."

"ஓட்டறது யாருங்க?"

"நான்தான்."

தயங்கித் தயங்கி ஏறினாள். முதல் திருப்பத்திலேயே அவர் தோளைப் பிடித்து அலறினாள்.

"ஏனுங்க, பிரேக்கைப் புடிங்க! உங்களுக்கு லைசென்ஸ் குடுத்தவனைச் சொல்லோணும்!"

இருபது வருஷமாகக் காதில் விழாத திட்டு. யுவராஜ் ஆக்சிலரேட்டரை இன்னும் கொஞ்சம் மிதித்தார்.