ஜெபம் கண்டால் எரியும் ஹெல்மெட்

எங்கள் ஹெல்மெட்டுகள் மனசுக்குள் ஜெபித்தாலும் கண்டுபிடித்துவிடும். நெற்றியில் சிவப்பு விளக்கு எரியும். சாமியைக் கூப்பிடுவது குற்றம் என்றான பிறகு கம்பெனி கொடுத்தது. எனக்கு அது எரிந்ததே இல்லை. யாரிடமும் எதுவும் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. என்னோடு மண் சுமக்கும் தெபோராக்காவுக்கு அடிக்கடி எரியும். இன்னொரு தரம் எரிந்தால் வேலையும் போய்விடும், தங்கியிருக்கும் ஷெட்டும் போய்விடும்.

அன்று குழாய்ப் பள்ளம் சரிந்து, பலகைகளுக்கு அடியில் நாங்கள் இருவரும் மாட்டிக்கொண்டோம். ஒரே இருட்டு. கத்த வாயைத் திறந்தால் மண் விழுந்தது. திடீரென்று அக்காவின் முகம் சிவப்பாகத் தெரிந்தது.

"யக்கா, நிறுத்து. வேல போயிரும்லா," என்று வாயை அதிகம் திறக்காமல் முணுமுணுத்தேன்.

"போட்டும்ல சுடல. ஒனக்கும் சேத்துதான் கேக்கேன்."

"என்னய அவருக்கு எப்படித் தெரியும்?"

"ஒன் பேரச் சொல்லிட்டேம்ல."

என்னைப் பற்றி வேறென்ன சொன்னாள் என்று அறிய அந்த நிலையிலும் எனக்கு ஆசையாக இருந்தது.

மேலே சூப்பர்வைசர் கத்தினார். "பலகை இடுக்குல செவப்பு தெரியுது! அங்க தோண்டுங்கடே!"

அக்காவை இழுத்தார்கள், பிறகு என்னை. சூப்பர்வைசர் தன் துண்டால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டார். ஹெல்மெட்டைக் கழற்றி வாங்கிக்கொண்டார். அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ரூல்ஸ மாத்த முடியாதும்மா. நாளைக்கு வேலைக்கு வராத."

அக்கா இருமி மண்ணைத் துப்பினாள். பிறகு சிரித்தாள்.

"நாளைன்னு ஒண்ணக் குடுத்துட்டாருல்லா, சார்."