அழித்த வாக்கியம்

"மேடம், இன்னிக்காவது யாராச்சும் யாரையாச்சும் அடிப்பாங்களா?"

பிரித்திகா கேட்டதும் வகுப்பே சிரித்தது. ஜெயஷீலா மேடம் சிரிக்கவில்லை. பலகையில் எழுதினார்: 'அம்மா குழந்தைக்குச் சோறு ஊட்டினாள்.'

"இதுக்கு மரம் போடுங்க."

எம்.ஏ. முதல் வருஷத்துக்கு வாக்கிய அமைப்பு புதுப் பாடம். ஒரு வாக்கியத்தைத் தலைகீழ் மரம் மாதிரி கிளை கிளையாகப் பிரித்துக் காட்ட வேண்டும். கைடு, பழைய கேள்வித்தாள் எதைப் புரட்டினாலும் ஒரே உதாரணம்தான். 'கண்ணன் மாலாவை அடித்தான்.' சட்டுபுட்டென்று போட்டுவிடலாம். மேடமோ ஊட்டினாள், கொடுத்தார் என்றே எழுதுவார். யார், யாருக்கு, எதை என்று கிளை கூடிக்கொண்டே போகும்.

முதல் நாள் மட்டும் அவரும் கண்ணனைத்தான் எழுதினார். டஸ்டரால் பலகையை ஓங்கித் தட்டி, சத்தமாக வாசித்துவிட்டு வகுப்பைத் திரும்பிப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, வெறும் உள்ளங்கையாலேயே அழித்துவிட்டார். அன்றோடு சரி.

"அடின்னு எழுதவே பயப்படுதாவ. இவிய வாக்கியத்துல எல்லாரும் தின்னுக்கிட்டே இருக்காவ. பரீட்சையில யாருட்டி நமக்கு ஊட்டுவா?" என்றாள் பிரித்திகா.

கடைசி பெஞ்சு சபிதாவால் சிரிக்க முடியவில்லை. இன்டர்னலில் பத்துக்கு மூன்று. 'ஒரு பேப்பர் போச்சுன்னாலும் காலேஜ் கிடையாது' என்று வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். அவர் சொன்னால் சொன்னதுதான். கைக்குழந்தையை அம்மா வீட்டில் விட்டுவிட்டு, கோவில்பட்டி பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து உட்காரும் இந்த பெஞ்சில்தான் அவளுக்கு மூச்சு சீராக வரும். இதையும் விட்டால் நாள் முழுக்க அந்த வீடுதான்.

பிரித்திகா துறைத் தலைவரிடம் போய்ச் சொன்னாள். அவர் வகுப்புக்கே வந்துவிட்டார்.

"எல்லாரும் இப்படித்தான் நினைக்கியளா? கை தூக்குங்க."

ஒவ்வொன்றாக எல்லாக் கையும் எழுந்தது. கடைசியாக சபிதாவும் தூக்கினாள். சுடிதாரின் முழுக்கை முழங்கை வரை சரிந்தது. அவசரமாக இழுத்துவிட்டுக்கொண்டாள். மேடம் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஏம்மா, அந்த உதாரணத்தையே போட்டா என்ன? எதுக்குப் புள்ளைகளைக் குழப்புதீங்க?"

மேடம் வாயைத் திறந்தார். கடைசி பெஞ்சைப் பார்த்தார். பிறகு, "எனக்குப் பிடிக்கலை சார்" என்றார். அவ்வளவுதான்.

"பிடிக்குது பிடிக்கலைன்னு பாடம் நடத்த முடியுமா?"

மேடம் கெஸ்ட் லெக்சரர். இந்தத் தாள் போனால் வேறு வகுப்பு இல்லை. மறு வாரத்திலிருந்து அவர் வரவில்லை.

அவருக்குப் பதிலாகக் கிருஷ்ணகுமார் சார் வந்தார். ஜன்னல் வழியாக வந்து பலகையில் படிந்திருந்த கரிசல் புழுதியைத் துடைத்துவிட்டுப் பெரிதாக எழுதினார். டஸ்டரால் ஓங்கி ஒரு தட்டு.

"கண்ணன் மாலாவை அடித்தான்!"

"அப்பாடா, ஒருவழியா அடிச்சுட்டான்" என்றாள் பிரித்திகா. வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது.

சபிதாவும் சிரிக்கத்தான் பார்த்தாள். அதற்குள் அவள் தலை தாழ்ந்திருந்தது. இடது கை தானாக எழும்பி முகத்தை மறைத்திருந்தது.

முதல் நாளும் இந்தக் கை இப்படித்தான் எழும்பியிருக்க வேண்டும். மேடம் எதைப் பார்த்துவிட்டு அழித்தார் என்று அவளுக்கு இப்போது தெரிந்தது.

சார் திரும்பிப் பார்க்கவில்லை. மாலாவுக்குக் கிளை போட்டுக்கொண்டிருந்தார்.