ஆறு நிமிடம் தெரியும் பை

"வந்துடுச்சுங்க. தெற்குப் பக்கமா ஏறுது," என்றான் போனில்.

காலை பத்தே முக்கால் மணி. ரேடாருக்கு இரவென்ன, பகலென்ன. ஜன்னலுக்கு வெளியே, வெயிலில் பெரிய ஆண்டெனா மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது.

மறுமுனையில் அவள் சிரித்தாள். "நல்லா இருக்கா என் பை?"

பத்து மாதங்களுக்கு முன், விண்வெளி நிலையத்துக்கு வெளியே மிதந்தபடி ஏதோ பழுதுபார்த்தபோது அவள் கையிலிருந்து நழுவிய கருவிப் பை அது. விண்வெளிக் குப்பைகளைக் கண்காணிக்கும் அவனுக்குப் பட்டியலில் இன்னொரு வரி. பையின் கனம் தெரிந்தால்தான் அது எப்போது விழும் என்று கணக்குப் போட முடியும். அதைக் கேட்கத்தான், அவள் பூமிக்குத் திரும்பியதும் முதல்முறை அழைத்தான்.

"ரெண்டு ஸ்பானர், ஒரு கிரீஸ் டப்பா, அப்புறம் என் மானம்," என்றாள். "கீழே குடையைத் தொலைச்சே, போகட்டும், மேலே போயுமாடின்னு அம்மா கேக்கறாங்க."

அன்றிலிருந்து தினமும் ஓர் அழைப்பு.

பை ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்க ஆறு நிமிடம். அந்த ஆறு நிமிடமும் பேசுவார்கள். "மறைஞ்சிடுச்சு" என்பான், வைத்துவிடுவான். அதற்கு மேல் பேச அவனிடம் காரணம் இல்லை.

பக்கத்து நாற்காலி அக்கா காபியை அவன் முன்னால் வைத்தாள். அவன் போனைக் கையால் பொத்திக்கொண்டான்.

"அது எரிஞ்சு சாம்பலாகி மூணு வாரம் ஆச்சு. இன்னும் எத்தனை நாள்டா கதை விடுவே?"

திரையில் ஒரு புள்ளிகூட இல்லை. அறிக்கையில் உண்மையைத்தான் எழுதியிருந்தான். அவளிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை. சொல்லிவிட்டால் நாளைக்கு எதற்காக அழைப்பது?

அக்கா இடுப்பில் கை வைத்தபடி நின்றாள். நகர்வதாயில்லை.

கையை எடுத்தான். "ஒரு விஷயம் சொல்லணும். பை இப்போ அங்கே இல்லைங்க. மூணு வாரமாவே இல்லை."

அவன் காதுமடல் சுட்டது.

"தெரியுமே," என்றாள் அவள். "விழுந்த அன்னைக்கே எனக்கு அறிக்கை வந்துடுச்சு. கீழே உங்க கையெழுத்துதான் இருந்துது."

பொருளைத் தொலைத்தவருக்கும் ஒரு பிரதி போகும் என்பது அவனுக்கு இப்போதுதான் நினைவு வந்தது.

"ஆறு நிமிஷத்துல ஓடிப்போற பை, இப்பல்லாம் அரை மணி நேரம் தலைக்கு மேலேயே நிக்குதேன்னு நானும் அம்மாவும் தினமும் பேசிப்போம்."

அக்கா அவன் காபியைத் தானே எடுத்துக் குடித்தபடி வெளியே போனாள்.

"சரிங்க, வெச்சிடட்டுமா?" என்று உளறினான்.

"ஏன், மறைஞ்சிடுச்சா?" என்றாள்.